நாய்க்குட்டியின் கிண்ணத்தில் கல்லைப் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் செல்லப்பிராணிகள் பகுதியில் ஒரு வாசகர், தன் நாய்க்குட்டி வைத்த சாப்பாட்டை அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறது, சில நாள் சாப்பிட்ட கையோடு கக்கியும் விடுகிறது, மெதுவாகச் சாப்பிட வைக்க வழி உண்டா என்று கேட்டிருந்தார். பதில் மூன்றே வரியில் முடிந்துவிட்டது. கிண்ணத்தின் நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போடுங்கள், அதைச் சுற்றிச் சுற்றித்தான் சாப்பிட முடியும். அப்படியும் அடங்காவிட்டால் பாதியிலேயே கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், பொறுமை தானாக வரும் என்று எழுதியிருந்தீர்கள். இந்த இரண்டு யோசனையுமே குட்டிக்குக் கெடுதல். அதைவிட எனக்குப் பெரிய வருத்தம், அந்தக் குட்டி ஏன் அப்படி விழுங்குகிறது, அது கக்குவது எந்த மாதிரியான கக்கல் என்று பதிலில் ஒரு வார்த்தை கூட இல்லை. தாயில்லாத குட்டிகளைக் கொஞ்ச காலம் வைத்து வளர்த்து, நல்ல வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முடிந்தால் முழுவதையும் வெளியிடுங்கள்.

முதலில் கல். நாய்க்குட்டிக்கு 28 பால்பற்கள், எல்லாமே மெல்லியவை, ஊசி போன்றவை. நாலாவது மாதத்தை ஒட்டி அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். இந்தக் காலம் முழுக்க ஈறு நமநமவென்று இருப்பதால் குட்டி கையில் கிடைத்த எதையும் கடிக்கும். அப்படிப்பட்ட குட்டியின் முகத்துக்கு நேரே, அதுவும் சாப்பாட்டு வாசனை ஏறிய ஒரு கல்லை வைத்தால் அதையும் கடிக்கத்தான் பார்க்கும். பல் உடையலாம். பல் தப்பித்தாலும், சாப்பாட்டோடு கல்லையும் உள்ளே தள்ளிவிட்டால் குடலில் போய் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். இரண்டு மாதக் குட்டியின் வாய்க்குள் போகாத கல் ஐந்தாவது மாதத்தில் தாராளமாகப் போகும் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை, ஒரு தடவை போட்ட கல் அப்படியே கிண்ணத்தில் கிடக்கும். தடுப்புக்கு ஏதாவது வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு சின்னக் கிண்ணத்தைப் பெரிய கிண்ணத்துக்குள் கவிழ்த்து வைத்து, சுற்றியுள்ள இடைவெளியில் சாப்பாட்டைப் போடலாம். கல் தரும் பலன் அதிலேயே கிடைத்துவிடும், ஆபத்தும் இல்லை. சின்னக் கிண்ணம் கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இல்லாமல் இருந்தால் போதும்.

பாதியில் கிண்ணத்தைப் பிடுங்குவது இதைவிட மோசம். அதில் குட்டிக்குப் பொறுமை வராது. மனிதக் கை பக்கத்தில் வந்தால் சாப்பாடு போய்விடும் என்றுதான் அது தெரிந்துகொள்ளும். அப்புறம் நீங்கள் வரும் சத்தம் கேட்டாலே இன்னும் வேகமாக விழுங்கும். கொஞ்சம் வளர்ந்ததும் கிண்ணத்தின் மேல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு விறைத்து நிற்கும், உறுமும், அதையும் நாம் கண்டுகொள்ளாவிட்டால் ஒரு நாள் கடிக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது எங்கே போய் முடியும் என்று நினைத்துப் பாருங்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. குட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கமாக நடந்து போய், கிண்ணத்தில் இருப்பதைவிட அதற்குப் பிடித்தமான ஒரு துண்டைப் போட்டுவிட்டு நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும். தொடாதீர்கள், தலையைத் தடவாதீர்கள். கை வந்தால் ஏதோ கூடுதலாகக் கிடைக்கிறது என்று அதன் மனதில் பதிந்துவிட்டால் பாதி அவசரம் அங்கேயே குறைந்துவிடும். மீதி நேரம் அதைத் தனியாக விடுங்கள். ஆள்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தாலே சில குட்டிகள் பதறிப்போய் விழுங்குகின்றன.

சரி, ஏன் இப்படி விழுங்குகிறது? பேராசை, அடங்காத குணம் என்றெல்லாம் சொல்லிவிடுகிறோம். பால்குடி மறக்கும் பருவத்தில் ஐந்தாறு குட்டிகள் ஒரே தட்டைச் சுற்றி மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தானாகப் புரியும். தலையைத் தூக்கிய குட்டிக்கு அடுத்த வாய் கிடையாது. அங்கே வேகமாக விழுங்கிய குட்டிதான் கொழுகொழுவென்று வளர்ந்திருக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது, போட்டிக்கு யாரும் இல்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்? இன்னொன்று, நாயின் தாடை மேலும் கீழுமாகத்தான் இயங்கும், நம்முடையது மாதிரி பக்கவாட்டில் அசைத்து அரைக்காது. மாவுச்சத்தை உடைக்கும் நொதி நம் எச்சிலில் உண்டு, நாயின் எச்சிலில் கிட்டத்தட்ட கிடையாது. நன்றாக மென்றால்தான் செரிக்கும் என்பது நமக்குப் பொருந்தும், நாய்க்கு அவ்வளவாகப் பொருந்தாது. எனவே குட்டி மெல்லவே மாட்டேன் என்கிறது என்று கவலைப்பட வேண்டாம், அது மென்று தின்னப் பிறந்த பிராணி இல்லை. ஒவ்வொரு வாயும் சின்னதாக இருக்க வேண்டும், இரண்டு வாய்க்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும், சாப்பாட்டோடு நிறையக் காற்றை விழுங்கக் கூடாது. நாம் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். அரை நிமிடத்தில் முடித்த குட்டி நாலைந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் அதுவே நிறைவு.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் முன்னால் அதற்கு உண்மையிலேயே பசியா என்று பார்த்துவிட வேண்டும், இது ரொம்ப முக்கியம். பசியோடு இருக்கும் குட்டியிடம், மெதுவாகச் சாப்பிட வைக்கும் தந்திரக் கிண்ணத்தை நீட்டுவது கொடுமை. மூன்று நாலு மாதம் வரைக்கும் ஒரு நாளின் அளவை நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அப்புறம் ஆறு மாதம் வரைக்கும் மூன்று வேளை, அதன் பிறகு இரண்டு. நம் வசதிக்காகக் காலையும் இரவும் மட்டும் வைத்தால், அந்தச் சின்ன வயிறு நீண்ட நேரம் காய்ந்து கிடந்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்ததும் பாயத்தான் செய்யும். அளவும் மாறிக்கொண்டே போகும், போன மாதம் போதுமாக இருந்தது இந்த மாதம் போதாது. விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. எடையைக் கால்நடை மருத்துவரிடம் போகும்போதெல்லாம் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அப்புறம் குடற்புழு. உருண்டைப்புழுக்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும், தாய்ப்பாலிலும் வரும். சுத்தமான வீட்டில் பிறந்த குட்டிக்குப் புழு இருக்காது என்று நினைப்பது தப்பு. உடம்பு மெலிந்து, வயிறு மட்டும் பானை போல் உப்பி, எவ்வளவு போட்டாலும் போதாமல் அலையும் குட்டிக்கு முதல் சந்தேகம் புழுதான். பூச்சி மருந்தைப் பிறந்த இரண்டாவது வாரத்திலேயே ஆரம்பித்து, முதல் சில மாதங்கள் திரும்பத் திரும்பக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். எப்போது, எவ்வளவு என்பதைக் குட்டியின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்வார், கடையில் கேட்டு நாமாகக் கொடுக்கக் கூடாது. வேகமாக விழுங்குகிறது என்று என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பதே கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்பதைத்தான்.

சில நாய்களுக்குப் பசி ரத்தத்திலேயே இருக்கிறது என்பதும் உண்மை. லாப்ரடார் நாய்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டுப் போயிருப்பதை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். அந்த நாய்கள் சாப்பாட்டின் மேல் கூடுதல் ஆசையும் கூடுதல் எடையும் உள்ளவை. இப்படிப்பட்ட குட்டி கெஞ்சுகிறதே என்று அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு வயதில் நடக்கவே சிரமப்படும். அளவு சரியாகத்தான் இருக்கிறது, புழுவும் இல்லை, எடையும் ஒழுங்காக ஏறுகிறது என்றால் அதன் பிறகுதான் வேகத்தைக் குறைக்கும் வழிக்கு வர வேண்டும்.

வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது காசே செலவில்லாதது. கிண்ணத்தையே ஒதுக்கிவிட்டு, உலர் உணவாக இருந்தால் துடைத்த தரையில் அகலமாக இறைத்துவிடுங்கள். குட்டி ஒவ்வொன்றாக மோந்து மோந்து தேடிப் பொறுக்கும். வாய் நிறைய அள்ளவே முடியாது என்பதால் வேகம் தானாக விழுந்துவிடும். மூக்குக்கு வேலை கொடுத்தால் குட்டிக்கு ஓடியாடியதைப் போலவே களைப்பு வரும், சாப்பிட்டதும் சுருண்டு படுத்துத் தூங்கும். இதையே துணிக் கீற்றுகளை நெருக்கமாக முடிந்த விரிப்பில் ஒளித்தும் செய்யலாம், ஸ்னஃபிள் மேட் என்று கடைகளில் இருக்கும், பழைய துணியில் வீட்டிலேயும் கட்டலாம். துணியைக் கிழித்து விழுங்கும் குட்டிக்கு மட்டும் இது வேண்டாம். ஈரமான சாப்பாடு என்றால் விளிம்புள்ள பெரிய தட்டில் மெல்லிய பூச்சாகத் தேய்த்துவிட்டால் நக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

உலர் உணவைக் கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பது நல்ல பழக்கம், குறிப்பாகப் பல் மாறும் சமயத்தில். உருண்டைகள் வெளியிலேயே உப்பிவிடும், தொண்டையில் அடைக்கும் பயமும் குறையும். ஆனால் ஊறியது வழுக்கிக்கொண்டு இன்னும் வேகமாக உள்ளே போகும் என்பதால் ஊறவைத்துக் கிண்ணத்தில் குவித்தால் பலன் இல்லை, தட்டில் பரப்பித்தான் வைக்க வேண்டும். மிஞ்சினால் எடுத்துவிடுங்கள், ஊறிய சாப்பாடு சீக்கிரம் கெட்டுப்போகும்.

கடையில் விற்கும் ஸ்லோ ஃபீடர் கிண்ணங்கள், அதாவது உள்ளே மேடும் பள்ளமுமாக வளைந்து வளைந்து போகும் கிண்ணங்கள், நன்றாகவே வேலை செய்கின்றன. வாங்கும்போது குட்டியின் முகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆழமான பள்ளத்துக்குள் வாய் எட்டாது, மூச்சு வாங்கும், ஆழமில்லாத அகலமான தட்டுதான் அவற்றுக்குச் சரி. முதல் நாளே கஷ்டமான கிண்ணத்தைக் கொடுத்தால் குட்டி எரிச்சலில் கிண்ணத்தையே கவிழ்க்கும், பிளாஸ்டிக்கைக் கடித்துத் துண்டாக்கும், அந்தத் துண்டும் வயிற்றுக்குள் போகும். சுலபமானதில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கஷ்டமானதற்குப் போங்கள், சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடுக்குகளில் ஒட்டியிருக்கும் மிச்சத்தைப் பிரஷ் போட்டு ஒவ்வொரு வேளையும் கழுவ வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நேரம் இருப்பவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உட்கார், காத்திரு என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. அது உட்கார்ந்தால் ஒரு துண்டு, கண்ணைப் பார்த்தால் ஒரு துண்டு. இதற்கென்று தனியாகத் தின்பண்டம் வாங்க வேண்டியதில்லை, அன்றைய அளவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லா வேளையும் கையாலேயே கொடுத்துப் பழக்கினால், ஆள் இல்லாத நாளில் சில குட்டிகள் சாப்பிட மறுக்கும்.

வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் மேலே சொன்ன எதுவும் அரைகுறையாகத்தான் பலிக்கும், இரண்டையும் பிரிக்கும் வரை. பக்கத்துப் பக்கத்தில் கிண்ணம் வைத்தால் பழைய தட்டுப் போட்டி திரும்ப ஆரம்பிக்கிறது. ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி வேறு வேறு அறையில் வைத்து, இரண்டும் முடித்து இரண்டு கிண்ணமும் எடுத்த பிறகு கதவைத் திறந்தால் போதும். சில வீடுகளில் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிட்டது, வேறொன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

கிண்ணத்தை உயரமான ஸ்டாண்டில் வைத்தால் நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. பெரிய இன நாய்களை வைத்து அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், வேகமாகச் சாப்பிடுவதும் உயர்த்தி வைத்த கிண்ணமும் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரிய வந்தது. எனவே மருத்துவர் ஒரு காரணத்தோடு சொன்னாலொழிய கிண்ணம் தரையிலேயே இருக்கட்டும்.

இப்போது கக்கலுக்கு வருகிறேன், உங்கள் பதிலில் விடுபட்டதிலேயே பெரியது இதுதான். நாய் வயிற்றை எக்கி எக்கி, ஓங்கரித்து வெளியே தள்ளினால் அது வாந்தி, அது வயிற்றிலிருந்து வருகிறது. எந்த முயற்சியும் இல்லாமல், தலையைக் கீழே சாய்த்ததும் சாப்பிட்டது சாப்பிட்டபடியே, செரிக்காமல், சில சமயம் குழாய் மாதிரி நீளமாக வந்து விழுந்தால் அது எதுக்களிப்பு. அது உணவுக்குழாயிலிருந்தே திரும்பி வருகிறது. அவசரமாக விழுங்கிய குட்டி எப்போதாவது ஒரு முறை எதுக்களித்து, உடனே அதையே திரும்பச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போனால் பயப்பட ஒன்றுமில்லை. பார்க்க நமக்குக் குமட்டும், அதற்கு அது இயல்பு. ஆனால் மெதுவாகக் கொடுத்த பிறகும் திரும்பத் திரும்ப இப்படி வந்தால், அதிலும் பாலிலிருந்து கெட்டியான சாப்பாட்டுக்கு மாறிய நாளிலிருந்து ஆரம்பித்திருந்தால், கிண்ணத்தை மாற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்தக் கூடாது. பிறவியிலேயே இதயத்தருகே ஒரு ரத்தக்குழாய் இடம் மாறி உணவுக்குழாயை இறுக்கிப் பிடித்திருக்கலாம், அல்லது உணவுக்குழாய் விரிந்து தளர்ந்து சாப்பாட்டைக் கீழே தள்ள முடியாமல் இருக்கலாம். இப்படிப்பட்ட குட்டிகள் எந்நேரமும் பசியோடு பாய்ந்து சாப்பிடும், எடை மட்டும் ஏறாது. எதுக்களித்தது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும், அதில் உயிரே போகலாம். அந்த வாசகரின் குட்டி இந்த வகையாக இல்லாமல் இருக்கட்டும், ஆனால் அவர் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கக்குவதைக் கைபேசியில் வீடியோ எடுத்துப் போனால் மருத்துவருக்குப் பாதி விஷயம் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

வயிறு முறுக்கிக்கொள்ளும் நோய் குட்டிகளுக்கு அரிது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயது ஏறும்போது வருவது. அதனால்தான் அந்த இனக் குட்டி வைத்திருப்பவர்கள் மெதுவாகச் சாப்பிடும் பழக்கத்தை இப்போதே கொண்டுவர வேண்டும், சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரமாவது ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்தும் ஒன்றும் வராமல், எச்சில் ஒழுக, ஓரிடத்தில் இருக்க முடியாமல் நாய் தவித்தால், காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. அந்த நிமிடமே கிளம்ப வேண்டும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

தொண்டையில் அடைத்துக்கொண்டால் குட்டி முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், சத்தம் வராது, ஈறு நீலமாகும். வாயைத் திறந்து பார்த்து, பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் ஆழமாகப் போய்விடும். சின்னக் குட்டி என்றால் பின்பக்கத்தைத் தூக்கித் தலை கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் தட்டலாம். வெளியே வந்தாலும் வராவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. சென்ற வாரம் சொன்ன கல் யோசனையைச் செய்ய வேண்டாம் என்று அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அதைப் படித்துவிட்டு இந்நேரம் எத்தனை பேர் கல்லைக் கழுவிக்கொண்டிருக்கிறார்களோ தெரியவில்லை. அடுத்ததாக, இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளுக்கான பதில்களை ஒரு கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள், இடம் போதவில்லை என்றால் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி